அந்த மானை நான் சுடவில்லை

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். நான் எந்த மானையும் சுட்டதில்லை. துவக்கின் விசையில் என் விரல் பட்டதே இல்லை.

போன கிழமை என் கணவரின் சகோதரி மகன் டெரன்ஸ் இந்த வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய படத்தைப் போட்டிருந்தான். பனிக்குள் நான் துவக்கோடு நிற்கிறேன். பக்கத்தில் என் கணவர், வெறுங்கையோடு. "மான் முன்னால வந்து நிண்டும் மாமாவுக்குக் கை நடுங்கிப் போச்சு. மாமிதான் விழுத்தினவ. மாமாவின்ர வாயாலயே கேட்டனான்" என்று எழுதியிருந்தான். கீழே கைதட்டல்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் "சூப்பர் ஆன்ட்டி" என்கிறார்.

சுட்ட மான் படத்தில் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தப் புகழ் எனக்கு வேண்டாம். அவரைக் கோழையாக்கித்தான் அதை எனக்குத் தருகிறீர்கள். அவர் இப்போது இல்லை. பதில் சொல்ல நான்தான் இருக்கிறேன்.

கலியாணமான புதிதில் மேற்குக் கனடாவின் மலைப்பக்கத்துச் சிறு ஊரொன்றில் இருந்தோம். மரம் அரியும் ஆலையில் அவர் இன்ஜினியர். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பனியின் சத்தம்தான்... சோளமாவை விரலால் நசுக்கும்போது வருமே, அந்தக் கிறீச்சு. அதற்குமேல் எப்போதாவது ஒரு கிளை தன் பனியைப் பொத்தென்று கீழே போடும். வேறு ஒன்றுமில்லை.

அங்கே மியூல் டியர் என்றொரு மான் உண்டு. உடம்புக்குப் பொருந்தாத பெரிய காதுகள். மாரிக்குளிர் முற்றினால் உச்சியை விட்டு இறங்கி மரக்காட்டுக்குள் வந்துவிடும். ஒரு மான் கிடைத்தால் குளிர்காலம் முழுக்க இறைச்சி. அந்த வருடம் வேட்டை அனுமதியின் கடைசி நாளாகியும் எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆலையில் எல்லோருக்கும் கொழும்புக் கறி தருவதாக இவர் வேறு சொல்லிவிட்டார்.

நானும் கூடப் போனேன். வாய் திறக்காமல் வரிசையில் நிற்கக் கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் பழகியவளுக்கு, வேட்டையில் பேசாமல் நடப்பது பெரிய காரியமில்லை. காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க என் முகப் பவுடரைத்தான் தூவினார். எனக்குக் கோபம். கொழும்பிலிருந்து கொண்டுபோன கடைசி டப்பா அது.

ஒரு ஆண் மானின் தடம் கண்டோம். குளம்பைத் தூக்காமல் இழுத்து நடந்த கோடு பனியில் இருந்தது. தடத்தின் விளிம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இறுகியிருந்தால் பழையது. பொலபொலவென்று உதிர்ந்தால் மான் தூரத்தில் இல்லை. மதியத்துக்குப் பிறகு அது படுத்தெழும்பிய இடம் வந்தது. காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையை வைத்தேன். பனி உருகி, இன்னும் உறையாமல் ஈரமாக இருந்தது.

"இப்பதான் எழும்பியிருக்கு" என்றேன்.

"கதையாதையும், மானுக்குக் கேக்கும்" என்றார், சிரித்துக்கொண்டு.

அதன் பிறகு அதிக தூரம் போகவில்லை. இரண்டு மரங்களுக்கு நடுவே, பக்கவாட்டில், எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. கொழும்பில் எங்கள் வீட்டு வாசலுக்கும் காலி வீதிக்கும் உள்ள தூரம், கல்லெறி தூரம்தான். அவர் துவக்கைத் தூக்கினார். இறக்கினார். பொக்கெற்றிலிருந்த லேஞ்சியால் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி தூக்கினார்.

"ஒண்டும் தெரியேல்லை, பிலோ. குறி பாக்கிற கண்ணாடியிலை பனிப்புகார் பிடிச்சிட்டுது."

"நல்லாத் துடையுங்கோவன்."

"உள்ளுக்கப்பா! வெளியிலை இல்லை."

காரணம் வெள்ளவத்தை, கொழும்பின் கடலோரத்தில் எங்கள் ஊர். கடலோரத்தில் வளர்ந்தவர்கள் இரும்பை வெளியே விடமாட்டோம். உப்புக்காற்று மின்விசிறியையே தின்றுவிடும். அவரும் தினமும் துவக்கைப் பழைய சாரத் துணியில் சுற்றி, வீட்டுக்குள் ஹீட்டருக்குப் பக்கத்தில் பத்திரமாக வைப்பார். அந்த ஊரில் அது தலைகீழ். குளிர்ந்த துவக்கைச் சூட்டுக்குள் கொண்டுவந்தால் வியர்க்கும். அந்த ஈரம் கண்ணாடிக்குள் போய், வெளியே வந்ததும் பனிப்புகாராகிவிட்டது. குளிரிலேயே விட்டிருக்க வேண்டும். எங்களுக்கு யார் சொன்னது?

"இவ்வளவு கிட்ட நிக்குதே. சும்மா சுடுங்கோ!" என்றேன்.

"பிழையா எங்கையும் பட்டால்? காயத்தோட உந்தக் காட்டுக்குள்ள ஓடும். பொழுதும் படப்போகுது. கிடந்து துடிக்கும், பிலோ. தெரியாமல் நான் சுடமாட்டன்."

அவருடைய கைகளை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். நடுங்கவில்லை.

மான் திரும்பியது. நாலு காலும் ஒன்றாக எழும்பி, ஒன்றாக விழுந்து, பந்துபோலத் துள்ளிப் போய்விட்டது. கொஞ்சம் போய் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அதுதான் அந்த மானின் குணம்.

றோட்டுக்கு வந்ததும் துவக்கை வெறுமையாக்கி என்னிடம் தந்துவிட்டு, சப்பாத்துக்குள் போன பனியைத் தட்டினார். அப்போது எங்களை ஏற்ற வந்த ஆலைக்காரர் எடுத்ததுதான் அந்தப் படம். அந்த மாரி முழுக்கப் பருப்பும் டின் மீனும்.

ஆலையில் கேலி பண்ணினார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார். வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்த பிறகும், விருந்துகளில் "எனக்குக் கை நடுங்கிப் போச்சு. இவவிட்டைக் குடுத்திருந்தால் விழுத்தியிருப்பா" என்பார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அவரை அறிந்தவர்கள். பகிடி என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களில் இப்போது அநேகமாக ஒருவரும் இல்லை. அவர் சொல்லும்போது இருந்த முகமும் இல்லை. வார்த்தை மட்டும் மிஞ்சி, அதுவும் மாறிவிட்டது.

இன்று என் ஜன்னலைச் சுற்றி மாடிக் கட்டடங்கள். பூசை நேரத்திலும் யாருடையதாவது போன் அடிக்கிறது. ஒரு நாள் முழுக்க ஒருவர் பின்னால் ஒருவர், பேசாமல் நடந்தோம் என்றால் பிள்ளைகள் நம்புவதில்லை... அப்படிப் பேசாமல் என்னோடு நடக்க எனக்கும் இப்போது ஆளில்லை.

டெரன்ஸ், அவர் வாயாலேயே கேட்டதாக எழுதியிருக்கிறாய். நான் கோபத்தில் கேட்கவில்லை. மாமா அந்தக் கதையை உனக்கு எப்போது சொன்னார், எங்கே இருந்து சொன்னார், என்ன சொற்களில் சொன்னார், நினைவிலுள்ளதெல்லாம் எழுது. போன் எடுக்க வேண்டாம். போனில் கேட்டது எனக்கு மறந்துவிடும். எழுத்தில் அனுப்பு, திரும்பத் திரும்ப வாசிக்க.