ஒருத்திக்கு ஒரு மேசை

உணவகத்தில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தால் உங்கள் மனதில் முதலில் என்ன தோன்றுகிறது? பாவம், யாருமில்லை போலிருக்கிறது என்றுதானே? பொய் சொல்லாதீர்கள். எங்கள் ஆல்போர்க்கிலும் எல்லோருக்கும் அதுதான் தோன்றுகிறது. ஆணும் பெண்ணும் சமம் என்று ஊர் முழுக்கப் பெருமை பேசுகிற டென்மார்க்கில்தான் சொல்கிறேன்.

என் வீட்டுக்கு மேல்மாடியில் போடில் குடியிருக்கிறாள். பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை. ஐம்பதைத் தாண்டியவள். திருமணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு ஒரு சோகக் கதை இருக்க வேண்டும் என்று எங்கள் கட்டிடத்தில் பலர் தேடிப் பார்த்துவிட்டார்கள். அப்படி எதுவும் கிடைக்கவில்லை. வாரம் முழுவதும் மற்றவர்களின் திறந்த வாய்க்குள் விளக்குப் பிடித்துவிட்டு, இரவில் ஒரே ஒரு உருளைக்கிழங்கை உரித்துச் சாப்பிடுவாள். இலையுதிர்கால விடுமுறையில் மட்டும் ஏதாவது ஓர் அயல்நாட்டு நகரத்துக்குப் போவாள். தனியாகத்தான்.

எந்த நகரம் என்று முடிவு செய்யத்தான் அவளுக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் வேண்டும். எங்கே அரண்மனை இருக்கிறது, எங்கே திருட்டுப் பயம் இல்லை என்றெல்லாம் வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்லும். போடிலுக்குத் தேவையானதை எந்தப் புத்தகமும் சொல்வதில்லை. அதனால் அவளே அந்தந்த ஊர் உணவகங்களுக்குப் போன் செய்வாள். அரைகுறை ஆங்கிலத்தில், ஒருத்திக்கு மேசை வேண்டும் என்பாள். பிறகு காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பாள். "ஒருத்திக்கா?" என்று எதிர்முனை திருப்பிக் கேட்டாலோ, பதிலுக்கு முன் ஒரு கணம் மௌனம் வந்தாலோ, நன்றி சொல்லி வைத்துவிடுவாள். ஓர் ஊரில் இப்படி நாலைந்து கடைகள் தயங்கினால் அந்த ஊரே வேண்டாம். சில ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவள் சமையலறையில் காபி குடித்துக்கொண்டு இதைப் பார்த்திருக்கிறேன். ஐரோப்பாவின் பாதி அந்த மௌனத்தில் அடிபட்டுப் போனது.

கேலி செய்யாதீர்கள். இருவருக்கான மேசையில் ஒருத்தி உட்கார்ந்ததும், பரிசாரகர் வந்து எதிர்ப்பக்கத்துத் தட்டையும் கோப்பையையும் கலகலவென்று அள்ளிக்கொண்டு போவார். அந்தச் சத்தத்துக்குச் சுற்றியுள்ள தலைகள் எல்லாம் திரும்பும். இது எந்த விதியிலும் எழுதி வைத்ததல்ல. மனிதர்கள் ஏற்படுத்திய பழக்கம். மனிதர்கள் நினைத்தால் நாளைக்கே விட்டுவிடலாம்.

போன தடவை போடிலுக்கு அதற்கும் மேலே நடந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து பாதி சாப்பிட்டிருந்தவளை, குடும்பம் ஒன்று வந்துவிட்டது என்று எழுப்பி, கழிவறைக் கதவருகே உட்காரவைத்தார்கள். அவள் மீதியைச் சாப்பிடவில்லை. விடுதி அறையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுத்தாளாம்.

இதைக் கேள்விப்பட்ட அவள் தம்பி பிரேபன் கிளம்பி வந்தான். கடற்கரையில் அவன் குடும்பத்துக்கு ஒரு கோடை வீடு உண்டு. விடுமுறையை இனி அங்கேதான் கழிக்க வேண்டும் என்றான்.

"உலகம் சுத்தினது போதும் போடில். எங்க நாயைப் பாத்துக்கிட்டு நிம்மதியா இரு."

"நாய்க்கு ஆள் வேணுமா, எனக்கு ஆள் வேணுமா?"

"ரெண்டுக்கும்தான்" என்று சிரித்தான். கெட்டவன் இல்லை. நல்லவர்கள்தான் இப்படி ஆளைக் கூண்டுக்குள் தள்ளுகிறவர்கள்.

அவள் களைத்திருந்தாள். இன்னும் ஒரே ஒரு தடவை போகிறேன், அங்கேயும் கழிவறைப் பக்கம் கை காட்டினால் பிறகு காலமெல்லாம் உன் வீட்டுக்கே வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

பனி உருகும் நேரத்தில் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்தில் ஒரு சின்னக் கடைக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் தயங்கவே இல்லை.

"ஒரு ஆளுதானே? வாங்கம்மா. இங்க இருக்கிறதே ஒரே மேசைதான்."

அந்தப் பதிலை நம்பித்தான் அக்டோபரில் போனாள். போனவள் எங்கள் ஊர்க்காரி மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறைச் செய்தாள். எங்கள் ஊரில் பொதுவிருந்து என்றால் ஒரே நீள மேசை. தாமதமாக வருகிறவர் உட்காருவதற்கு முன் மேசையைச் சுற்றி வந்து, ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, தன் பெயரைச் சொல்ல வேண்டும். ஒரே மேசை என்றதும் அவள் அதை அப்படிப்பட்ட விருந்து என்றே நினைத்துக்கொண்டாள். உள்ளே நுழைந்து, கீரை சூப்பில் கரண்டியை விட்டிருந்த கிழவரின் முன் கையை நீட்டி, "போடில்" என்றாள். அவர் திகைத்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அடுத்து ஒரு இளம் ஜோடி. அடுத்து ஒரு லாரி ஓட்டுநர். ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்கள், பசிக்காக வந்தவர்கள் என்று அவளுக்குப் புரியும்போது பாதி மேசையைச் சுற்றியாகிவிட்டது. நடுவில் நிறுத்துவது அதைவிட அவமானம் என்று, முகம் சிவக்க மீதிப் பேருக்கும் கை கொடுத்து முடித்தாள்.

கடைசியில் இருந்த அம்மாள் ஏதோ கேட்க, மேசையே சிரித்தது. கடைக்காரி அதை மொழிபெயர்த்தாள்:

"தேர்தல்ல நிக்கிறீங்களான்னு கேக்குறாங்க."

போடில் கதவைப் பார்த்தாள். ஓடிவிட நினைத்ததாக என்னிடம் சொன்னாள். அதற்குள் சூப் கிழவர் பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு ஏதோ முணுமுணுத்தார்.

"ஓட்டுப் போடுறாராம். முதல்ல உக்காரச் சொல்றாரு" என்றாள் கடைக்காரி.

உட்கார்ந்தாள். அதன்பின் யாரும் அவளோடு பேசவில்லை. அவர்கள் மொழி அவளுக்குத் தெரியாது. உப்பு மீனைத் தின்றபடி, புரியாத பேச்சுக்கு நடுவே இருந்தாள். ரொட்டிக் கூடை மட்டும் அவளைத் தாண்டிப் போகாமல் ஒவ்வொரு முறையும் அவள் கையில் நின்றது. பிறகு மழையில் நனைந்த படிகளில் ஏறி அறைக்குப் போனாள். நடந்ததைச் சொல்லி இன்னொரு தடவை சேர்ந்து சிரிப்பதற்கு அங்கே யாருமில்லை. யாராவது கூட இருந்தால் அன்றைக்கே சொல்லி முடித்திருப்பாள். எனக்கு அதை நவம்பரில்தான் சொன்னாள். அத்தனை நாளும் அந்தக் கதை அவளிடம் தனியாகவே இருந்திருக்கிறது.

அந்த வாரமே பிரேபன் வந்தான். கோடை வீட்டில் ஓர் அறைக்கு வண்ணம் பூசிவிட்டதாகச் சொன்னான்.

"வரல" என்றாள். "நாற்காலி போட்டுக் குடுத்தாங்க."

"அப்ப அந்த ஊருக்கே திரும்பப் போவியா?"

"எதுக்கு? மத்த ஊரையெல்லாம் சும்மா விட்டுடவா?"

அவன் போனபின் வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். கழுவ ஒரு தட்டுதான் இருந்தது.

இப்போது மறுபடி குளிர்காலம். மேலே அவள் போனில் பேசுவது கேட்கிறது. அவள் ஒருத்தி எத்தனை ஊருக்குத்தான் போன் செய்வாள்? நீங்களும் செய்யுங்கள். குடும்பத்தோடு நீங்கள் வழக்கமாகப் போகும் கடைக்கு இன்றைக்கே போன் போட்டு, ஒரு ஆளுக்கு நல்ல மேசை வேண்டும் என்று கேளுங்கள். தயங்கினால் ஏன் என்று கேளுங்கள். பதில் வரும்வரை போனை வைக்காதீர்கள்.