மாறிப்போன பாவாடை

எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் விட்டதும் வாய்க்கால் பாலம் வரைக்கும் எல்லாரும் ஒன்றாகத்தான் நடப்போம். பாலம் தாண்டியதும் காலனிப் பிள்ளைகள் இடப்பக்கம் திரும்பிவிடுவார்கள். தோட்டமும் கிணறும் உள்ள வீடுகளைச் சேர்ந்த நாங்கள் நேராகப் போவோம். காலனிக்குள் போகக் கூடாது என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்திருந்தது.

ஏழாம் வகுப்பில், ஓண லீவுக்கு முந்தின காலாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்த வாரம். என் பக்கத்தில் உட்காரும் காலனிப் பெண் பாலத்தருகே பின்னாலிருந்து ஓடிவந்து என் பையைப் பிடித்தாள்.

"நில்லு. திரும்பாத. பாவாடையில ரத்தம்."

வீட்டுக்குப் போக வேண்டுமானால் பஸ் ஸ்டாப்பைக் கடக்க வேண்டும். அந்நேரத்துக்கு அங்கே டீக்கடையில் பெரியப்பாவும் இன்னும் பத்து ஆண்களும் இருப்பார்கள்.

"எங்க ஊடு பக்கந்தான். வா" என்றாள்.

அவள் அம்மா வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, முதலில் தெருவைத்தான் பார்த்தார். அதன் பிறகுதான் என் பாவாடையை. "உள்ள வாங்க அம்மிணி" என்று கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அவ்வளவு மரியாதை. கதவிடுக்கு வழியாக இன்னொரு தடவை தெருவைப் பார்த்தார். நான் பயந்ததைவிட அவர் அதிகம் பயந்திருந்தார்.

சுத்தம் செய்துகொள்ளத் தண்ணீர் தந்தார், துணி தந்தார். மகளைத் தன் சீருடைப் பாவாடையைக் கழற்றி எனக்குக் கொடுக்கச் சொன்னார். என்னுடையதை அங்கேயே விட்டேன். இரண்டும் ஒரே நீலம். யாருக்கும் தெரியாது என்று நினைத்தோம். எனக்குத் தாகமெடுத்தது. தண்ணீர் கேட்டேன்.

"இங்க குடிப்பீங்களா?" என்றார். குடித்தேன். சொம்பைத் திரும்ப வாங்கும்போது, "ஊட்ல கேட்டா இங்க வந்தேன்னு மட்டும் சொல்லிராதீங்க" என்றார்.

வீட்டில் அம்மாவிடம் வயதுக்கு வந்ததை மட்டும் சொன்னதும் அவர் நான் போட்டிருந்த பாவாடையை வாங்கினார். இடுப்பில் கொக்கி இல்லை, ஊக்கு இருந்தது. என் பாவாடையின் உள்பக்கம் அம்மாவே சிவப்பு நூலில் என் பெயரின் முதலெழுத்தைத் தைத்திருந்தார். இதில் அது இல்லை. அம்மா ஊக்கைத் தடவிப் பார்த்தார். அதற்குள் அத்தை வந்துவிட்டார். அம்மா எதுவும் கேட்காமல் பாவாடையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

என்னைப் பின்னறையில் தனியாக உட்கார வைத்தார்கள். சீர் செய்ய நாள் பார்த்தார்கள். உளுந்துக் களியும் நல்லெண்ணெயும் வந்தபடி இருந்தன. எனக்கு எதுவும் இறங்கவில்லை. அவளிடம் இருப்பதே ஒரு சீருடைதான். மறுநாள் கணக்குப் பரீட்சை. என் பாவாடையைத் துவைத்து அதைத்தான் போட்டுக்கொண்டு போவாள். அதே வகுப்பில் பெரியப்பா மகளும் இருந்தாள்.

நான் பயந்தபடியே ஆயிற்று. மறுநாள் சாயங்காலம் பெரியப்பா மகள் வந்து என் அப்பாவிடம் சொல்வது சுவருக்கு அப்பாலிருந்து கேட்டது. காலனிப் பெண் குனிந்தபோது சிவப்பு நூலில் என் எழுத்து தெரிந்ததாம். டீச்சர் அவளை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டாராம். "மாறிப் போச்சுங்க டீச்சர்" என்பதற்கு மேல் அவள் வாயே திறக்கவில்லையாம். திருடி என்று பசங்க சிரித்தார்களாம்.

அப்பா பின்னறை வாசலில் வந்து நின்றார். "உம்பட பாவாடை அந்தப் புள்ளைகிட்ட எப்படிப் போச்சு?"

அவள் அம்மா கேட்டுக்கொண்டது நினைவில் இருந்தது. ஆனால் அதற்காக மட்டும் நான் பொய் சொல்லவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"தெரீலிங்கப்பா" என்றேன்.

மறுநாள் காலையில் அவள் அம்மா எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து தூரத்தில் நின்றார். கையில் மடித்த பாவாடை. "பள்ளிக்கூடத்துல மாறிருச்சுங்க" என்றார். என் அம்மா அதைத் துவைக்கிற கல்லில் வைக்கச் சொன்னார். பிறகு உள்ளே போய் ஊக்கு போட்ட பாவாடையைக் கொண்டுவந்து அதே கல்லில் வைத்தார். அவள் அம்மா அதை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்த்த எனக்கு அப்போதுதான் தெரிந்தது, அம்மாவுக்கு முதல் நாளே புரிந்துவிட்டதென்று.

அவர் போன பிறகு அம்மா என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டார். "அங்க தண்ணி கிண்ணி குடிச்சயா?"

"இல்லைங்மா."

அம்மா கல்லில் இருந்த பாவாடையை எடுக்க வெளியே போனார்.

சீர் முடிந்து பள்ளிக்கூடம் போனபோது அவள் கடைசி பெஞ்சுக்கு மாறியிருந்தாள். இரண்டு நாள் தவித்தேன். மூன்றாம் நாள் டீச்சரிடம் தனியாகப் போய், "அவ எடுக்கல டீச்சர், நான்தான் குடுத்தேன்" என்று நடந்ததைச் சொன்னேன். டீச்சர் கதவைப் பார்த்தார். "இத வேற யார்கிட்டயும் பேசாதே" என்றார்.

சொல்லிவிட்ட நிம்மதியில் அவளிடம் ஓடினேன். அவள் என்னைச் சுவரோரமாக இழுத்தாள்.

"உன்ன ஆரு சொல்லச் சொன்னா? எங்கம்மா வேலைக்குப் போறது உங்க பெரியப்பன் தோட்டத்துக்கு. திருடின்னா ரெண்டு நாளைக்குப் பேசுவாங்க. நீ எங்க ஊட்டுக்குள்ள வந்தது தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க, தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த மாதம் முழுக்க டீச்சர் எங்கள் தெருப் பக்கம் வந்தால் ஜன்னலுக்கு ஓடுவேன். பெரியப்பா அப்பாவைக் கூப்பிட்டாலே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். டீச்சர் யாரிடமும் சொல்லவில்லை. அவள் அம்மாவின் வேலையும் போகவில்லை. பத்தாம் வகுப்பு வரை நாங்கள் ஒரே வகுப்பில்தான் படித்தோம். நான் அவள் பெஞ்சைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பாள்.