விளாவிய தண்ணீர்

எங்கள் கிணற்றுத் தண்ணீர் இனிக்கும் என்று பெருமையடிக்காத ஆள் மாத்தளையில் நாங்கள் இருந்த ஒழுங்கையில், அந்தக் குறுகிய சந்தில், கிடையாது. ஏழு வீட்டுக்கு ஒரே கிணறு. நானும் வாய் ஓயாமல் பீற்றிக்கொண்டவள்தான். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் என் மகள் நாலு வயதில் செத்தாள்.

அந்த வருடம் மழை விடாமல் அடித்தது. கிணற்றுக்கு மேலே, மேட்டு வீட்டு அக்காவின் கக்கூஸ் குழி நிரம்பி வழிந்தது. சுகாதாரப் பரிசோதகர் காக்கிக் காற்சட்டையோடு சைக்கிளில் வந்தார். பிள்ளைகள் அவரைச் சிங்களத்து 'ஐயா' சேர்த்துக் கக்கூஸ் மாத்தையா என்பார்கள். சிங்களமும் தமிழும் கலந்து வீடு வீடாகச் சொன்னார்.

"கிணத்துத் தண்ணி சரியில்ல. நல்லா கொதிக்க வைச்சித்தான் குடிக்கணும்."

கொதிக்கவைத்தால் தண்ணீர் சப்பென்று போய்விடும் என்று மற்றப் பெண்கள் பழையபடியே குடித்தார்கள். நான் அப்படியில்லை, ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். ஈர விறகை ஊதி ஊதி, கேத்தலில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்வரை நின்றேன். அதில் தலைக்கனம் வேறு.

மகளுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரமாகியும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நெருப்புக் காய்ச்சல், டைபாய்டு, என்றார்கள். தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருத்தி என்னிடம் விசாரித்தாள்.

"கொதிக்க வைச்ச தண்ணியா குடுத்தீங்க?"

"ஒவ்வொரு நாளும் மிஸ். ஒரு வேளகூட தவறல."

"எப்படி ஆற வைச்சீங்க?"

"ஆற வைக்க புள்ள எங்க விடுது? தாகம்னு அழுவா. வாய் வெந்துடாம பதமா விளாவிக் குடுத்தேன்."

"எந்தத் தண்ணிய ஊத்தி?"

"கிணத்துத் தண்ணிதான் மிஸ்."

சொல்லும்போது எனக்குக் கூச்சமே இல்லை. சுடுதண்ணீர் என்றால் விளாவுவதுதானே. குளிக்க வார்க்கும்போதும் பால்மா கரைக்கும்போதும் கை தானாகச் செய்கிற வேலை. நர்ஸ் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்துவிட்டு, "பச்சத் தண்ணிய கலந்தா, கொதிக்க வைச்சதுல என்ன இருக்கும்மா" என்று மெல்லக் கேட்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்றாம் நாள் மகள் போய்விட்டாள்.

ஒழுங்கை முழுவதும் மேட்டு வீட்டு அக்காவின் மேல் பாய்ந்தது. என் புருஷன் அவள் வாசலில் போய் நின்று கத்தினார். அவள் கிணற்றடிக்கு வந்தால் மற்றவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு விலகிப்போனார்கள். குழி அவளுடையதுதான், அதில் பொய்யில்லை. ஆனால் நான் விளாவியது நர்ஸுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம், அதற்கு வேறு பெயர் கிடையாது.

இரண்டு மாதத்தில் அவள் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு இரத்தோட்டையில் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டாள். போகிற அன்று காலை என் வீட்டுக்குள் வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எங்க குழியாலதானே புள்ள போச்சு. என்ன மன்னிச்சிரு தங்கச்சி. இல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது."

சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. புருஷன் பக்கத்தில் நின்றிருந்தார்.

"மன்னிச்சிட்டேன்க்கா" என்றேன்.