நான் கொடி கட்டிய அன்று

சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலில் ஏணியில் நின்றே தேய்ந்துபோன முதுகு என்னுடையது. கால்வரை இறங்கும் நரம்பு வலிக்காக, மதுரை ஆஸ்பத்திரியில் தண்டுவடத்தின் பக்கத்தில் மெல்லிய கம்பி ஒன்றை வைத்துத் தைத்து, இடுப்பில் சிறிய பேட்டரியும் பதித்தார்கள். கம்பி நகர்ந்துவிடும், இரண்டு மாதத்துக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கவே கூடாது என்றார் டாக்டர்.

இருபதாம் நாளே தூக்கினேன். கட்டாத கொடிகள் சரிந்து தொங்கும்போது எப்படிப் படுத்திருப்பது? ஏணியேறி, அகத்தி மரத்தோடு சேர்த்து வாழைநாரால் கட்டினேன். மறுநாள், வலியை அமுக்க அந்தக் கம்பி காலில் ஓடவிடும் குறுகுறுப்பு இடம் மாறி விலாவில் ஓடியது. வலி திரும்பிவிட்டது.

"மிஷினே சரியில்ல!" என்று ஆஸ்பத்திரியில் போய்க் கத்தினேன். எக்ஸ்ரேயில் கம்பி நகர்ந்திருந்தது.

"கையைத் தூக்குனீங்களாண்ணே?"

"இல்லவே இல்ல சார்." சட்டைப் பையில் மிச்ச வாழைநார் இருந்தது. அதைக் கையால் மூடிக்கொண்டேன்.

"அப்ப என் தையல்தான் நிக்கல. மன்னிச்சுக்கங்க" என்றார் டாக்டர். மறுபடி அறுத்து, கம்பியைச் சரிசெய்தார். வலி போனது. அந்த மன்னிப்பு மட்டும் இத்தனை வருடமாக என்னை நிம்மதியாக உட்காரவிடவில்லை.

பேட்டரி தீரப்போகிறது, மாற்ற வேண்டும் என்று நேற்று போனேன். டாக்டர் தன் உதவி டாக்டரிடம் சொன்னார்: "இவருக்கு ஒரு தடவை என் தையல் விட்டுப்போச்சு. இதை நானே பண்ணிக்கிறேன்."

கதவுவரை போனவன் திரும்பி வந்தேன்.

"சார், அன்னிக்கு நான் கொடி கட்டப் போனேன்."