நடுச்சுவரின் இரண்டு பக்கமும்

காலை ஏழு மணி பத்து நிமிடம். நெற்குப்பையில் எங்கள் பூர்வீக வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது சுவர்க்கறை. கூரையில் தொடங்கி, ஆள் உயரத்தில் அகன்று, தரையருகே பச்சையாக முடிந்திருந்தது. எங்கள் அறைக்கும் பெரியப்பா மகனின் அறைக்கும் நடுவில் இருக்கும் சுவர் அது.

வீட்டில் ஆறு பங்கு. பங்குக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு, முற்றம் பொது. அந்தப் பெரியப்பா மகன், என் அண்ணன், தன் பங்கை விற்க முடிவுசெய்து, பங்காளி என்பதால் முதலில் என்னிடம் கேட்டார். பத்திரிகையில் முப்பது வருடம் செய்தி திருத்தி ஓய்வுபெற்றவன் நான். கைக்கு வந்த பணத்துக்குக் காரைக்குடியில் ஒரு சிறிய ஃபிளாட் பார்த்து வைத்திருந்தேன். வாடகை வீட்டைத் தை மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும். தவறினால் மறுபடி வாங்கும் வயதில்லை.

விலை இறங்குமோ என்ற பயம் எனக்கு இல்லை. அடுத்தவர் கையெழுத்துக்குக் காத்திருப்பதுதான் பயம். கூரை முழுவதையும் பிரித்து வேய ஆறு பேரும் சம்மதிக்க வேண்டும். அது ஒருநாளும் நடக்காததால், அவரவர் அறைக்கு மேல் மட்டும் அவரவர் ஓடு மாற்றிக்கொண்டோம். நானும்தான். என் மனைவியின் பயம் வேறு. ஃபிளாட்டில் தலைக்கு மேல் ஒரு குடும்பம் இருக்கும். அவர்கள் குழாய் கசிந்தால் யாரிடம் போய் நிற்பது என்பாள்.

அன்று ஏணி கேட்டாள். நான் தயங்கினேன்.

“பேப்பர்ல ஊரு தப்பெல்லாம் கண்டுபிடிச்சீக. நம்ம ஓட்டப் பாக்க மட்டும் கால் கூசுதாக்கும்?”

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே ஏறினாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மேலிருந்து குரல் வந்தது.

“இங்குட்டு நம்ம ஓடு சுவரு ஓரத்தோட நிக்குது. அங்குட்டு அவுக ஓடு ஒரு சாண் தள்ளி ஆரம்பிக்குது. நடுவுல யாருமே வேயல. சுவருக்கு மேல வானம்தான்.”

முற்றத்தில் நின்ற அண்ணன் சிரித்துவிட்டார். “தம்பி, நான் உன் பக்கத்து வேலைன்னுல்ல இருந்தேன்.”

நான் அவர் பக்கத்து வேலை என்று இருந்தேன்.

“மத்த நாலு பங்குக்காரவுக?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“அவுக சுவர நான் கேக்கல. இந்தச் சுவருக்கு ரெண்டு பக்கமும் நாமன்னா, யாருகிட்டக் கையெழுத்து வாங்கணுங்கிறீக?”

“முடிவ ஆச்சிகிட்டயே கேட்டுக்கிறேன்” என்றார் அண்ணன், ஏணியில் நின்ற என் மனைவியைக் காட்டி. “உன்கிட்டக் கேட்டா தீபாவளி வந்துரும்.”

அவள் இறங்கும்வரை ஏணியை விடவில்லை. இறங்கியதும் ஃபிளாட்காரருக்கு போன் செய்து, வேண்டாம் என்றேன். காத்திருக்க வேண்டிய கையெழுத்தில் ஒன்றாவது குறைகிறது; அவ்வளவுக்கு என்னால் துணிய முடிந்தது.

ஆவணி முடிவதற்குள் பத்திரம் பதிந்தோம். இரண்டு அறைகளையும் சுவரையும் சேர்த்து ஒரே கூரையாக வேய்ந்தோம். புரட்டாசியில் குடிவந்தோம்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நடுச்சுவர் நனையவில்லை. நான்காம் நாள் காலை, வாங்கிய அறையின் மறுபக்கச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. அந்தச் சுவருக்கு அப்பால் இருக்கும் அறையின் சாவி சிங்கப்பூரில் இருக்கிறது.