திரைக்குப் பின்னால் அளக்காத சத்தம்

கண்டக்குழிக் கடற்கரையில், கடலுக்குப் போய்த் திரும்பாத ஒரு மீனவருக்காக மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு துஆ என்னும் பிரார்த்தனைக் கூட்டம். ஒலிபெருக்கி என் பொறுப்பு. காலையிலேயே நான்கு இடங்களில் மைக் வைத்துச் சத்தத்தை அளந்து, எங்கும் ஒரே சீராகக் கேட்கும்படி ஸ்பீக்கர்களைச் சரிசெய்திருந்தேன். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் பாராட்டினார்கள்.

அப்போது பெண்கள் பக்கத்துத் திரையை விலக்கிக்கொண்டு அந்த மீனவரின் உம்மா வந்தார்.

"மகன், என்ட புள்ளைட பேரச் சொல்லி துஆ கேட்டாங்களா? எங்களுக்கு காத்துச் சத்தம் மட்டுந்தான் வந்திச்சு."

"ஓம் உம்மா, கேட்டாங்க" என்றேன். நான்கு மைக்கையும் ஆண்கள் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது, "அங்கால ஏன் மைக் வைக்கல்ல?" என்று மனைவி கேட்டாள்.

"பொம்புளயள் இருக்கிற இடத்துக்கு நான் எப்பிடிப் போற?"

பொய். நான் அளந்த நேரத்தில் திரைக்குப் பின்னால் வெறும் மணல்தான் கிடந்தது.