வெள்ளிக்கிழமை வரும் தவணைக்காரர்

சுவர்க்கடிகாரத்தை வாரத் தவணையில் வாங்கலாம் என்று அம்மாவை நச்சரித்தது நான்தான். அண்ணன் விடியற்காலையில் மில் வேலைக்கு எழ வேண்டுமே!

தவணைக்காரர் வெள்ளிக்கிழமை தோறும் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவார். வந்தவரைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்ப அம்மாவுக்கு மனசு வராது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

இன்று அவர் வருமுன் கடிகார முள்ளை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தேன். அவர் வந்ததும் அதைக் காட்டிச் சொன்னேன்:

"ஏனுங்க, உங்க சூலூர் பஸ் போயிருமுங்க!"

அவர் பையிலிருந்து தன் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "இது வேகமா ஓடுதுங்களே. ரிப்பேருக்குக் கொண்டுபோறேனுங்க. கூலி தனிங்க."

பயந்துபோய் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அட கண்ணு, வெளியாள் கை பட்டுருச்சா? அப்பக் கட்டாயம் பிரிச்சுப் பாக்கோணுமே!"

கடிகாரத்தைக் கழற்றித் துணியில் சுற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அம்மா அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டே என்னை முறைத்தாள்.

"நாளையிலிருந்து அண்ணனை நீதான் எழுப்போணும்."

கடிகாரம் ஊரில் இல்லாவிட்டாலும் தவணை உண்டாம். சேவலுக்கு முன் விழிக்கும் நண்பர்கள் யாராவது இருந்தால், போகிற வழியில் எங்கள் கதவைத் தட்டிவிட்டுப் போங்கள். சாப்பாடு உண்டு.